புதுப்பிப்பு: அம்பாசிடரின் சார்ஜ் கோளாறு

எஞ்சின் ஓடும்போதும் என் பழைய அம்பாசிடரின் பேட்டரியில் 12.4 வோல்ட்டுக்கு மேல் ஏறவில்லை என்றும், எஞ்சின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரை மாற்றச் சொல்கிறார்கள் என்றும் சென்ற மாதம் எழுதியிருந்தேன். மாற்றவில்லை, சார்ஜ் எச்சரிக்கை விளக்கு ஒருமுறைகூட எரியாததால் ஆல்டர்னேட்டர்தான் பழுதா என்று எனக்கு ஐயம் இருந்தது.

முகப்பு விளக்குகளை எரியவிட்டு, எஞ்சினைச் சற்று வேகமாக ஓடவிட்டு, வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரின் ஒரு முனையை ஆல்டர்னேட்டரின் உடலிலும் மறுமுனையைப் பேட்டரியின் நெகட்டிவ் (−) முனையிலும் வைத்தபோது, 0.2 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டிய வோல்ட் இழப்பு 1.7 வோல்ட்டாக இருந்தது. காரணம், எஞ்சினைப் பாடியுடன் இணைத்து மின்சாரத்துக்குத் திரும்பு வழி தரும் எர்த் பட்டை, மேலே நன்றாகத் தெரிந்தாலும், போல்ட்டுக்கு அடியில் பச்சை பூத்து அரித்துப்போயிருந்தது. புதுச்சேரியில் கடலருகே வண்டி நிறுத்துவோர் இதை முதலில் கழற்றிப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

உலோகம் பளிச்சிடும்வரை தேய்த்து, புதிய பட்டையைப் பூட்டி, வாசலின் தடவினேன். இப்போது 14.1 வோல்ட் வருகிறது.