புதுக் கமராவின் றோ பைல் திறக்கவில்லை: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

கல்லடி வாவிக்கரை எழுதியது:

பாண்டிருப்பு திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்பு அன்று எனக்கு நடந்ததை எழுதுகிறேன். இதே மாதிரி நடந்தவர்கள் கீழே உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இப்போது எத்தனையோ பிள்ளைகள் கமராவும் கையுமாகத் திரிகிறார்கள், அவர்களுக்கு உதவும்.

கட்டாரில் இருக்கும் அண்ணன் லீவில் வரும்போது எனக்கு ஒரு மிரர்லெஸ் கமரா கொண்டுவந்து தந்தார். சந்தைக்கு வந்து சில மாதங்களே ஆன மொடல். அதற்கு முன் நான் வைத்திருந்தது பத்து வருடப் பழைய டிஎஸ்எல்ஆர். என் லப்டொப்பும் எடிட்டிங் மென்பொருளும் அந்தப் பழைய கமராவின் வயதுதான். மூன்றும் சேர்ந்து ஒரு பிழையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தபடியால் புதியது வந்தபோது எதையும் பரீட்சித்துப் பார்க்கத் தோன்றவில்லை.

தீமிதிப்பு பதினெட்டு நாள் சடங்கின் முடிவு. பொழுது சாயும் நேரம் தணல் சிவந்து கிடக்கும். மஞ்சள் பூசிய முகத்தில் ஒரு பக்கம் தணலின் வெளிச்சம், மற்றப் பக்கம் இருட்டு. இதை ஜேபெக்கில் எடுத்தால் ஒன்றில் தணல் வெள்ளைத் திட்டாகப் போகும், இல்லாவிட்டால் முகம் கறுத்துப்போகும். ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். றோ என்றால் சென்சர் வாங்கிய வெளிச்சத்தைக் கமரா அப்படியே சேமிக்கும் பைல். 14 பிட் றோவில் 16,384 படிகள். நிழலுக்குள் இருக்கும் முகத்தைப் பிறகு மெல்ல வெளியே கொண்டுவரலாம் என்ற நம்பிக்கையில் றோவில் மட்டுமே எடுத்தேன். 640 படங்கள்.

இரவு பத்து மணிக்கு வீட்டுக்கு வந்து கார்டைப் போட்டேன். 640 பைலும் வரிசையாகத் தெரிகிறது, அளவும் சரியாக இருக்கிறது. ஆனால் ஒரு படமும் இல்லை. எல்லாம் சாம்பல் நிறக் கட்டங்கள். திறந்தால், இது அடையாளம் தெரியாத பைல் வகை என்று ஒரு செய்தி. கை நடுங்கிவிட்டது. அடுத்த வருடம்வரை அந்த முகங்கள் திரும்ப வராது. கூட்டாளி ஒருவருக்கு அழைத்தேன். "கார்ட் அடிபட்டிருக்கும். போமட் பண்ணிப்போட்டு ரிக்கவரி சொப்ட்வெயர் ஓடவிடு" என்றார். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அதைக் கேட்டிருந்தால் இன்றைக்கு இதை எழுத மாட்டேன்.

என்ன நினைத்தேனோ, கார்டைத் திரும்பக் கமராவில் போட்டுப் பார்த்தேன். எல்லாப் படமும் அச்சொட்டாக இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன், கண்ணிமை தெரிகிறது. அப்போதுதான் உறைத்தது: பைலில் ஒரு குறையும் இல்லை, அதை வாசிக்கத் தெரியாதது என் கொம்பியூட்டர்தான்.

கோயில்காரர்கள் விடியப் படம் கேட்டிருந்தார்கள். கமராவின் மெனுவிலேயே றோவை ஜேபெக்காக மாற்றும் வசதி இருந்தது. பல கமராக்களில் அது இருக்கிறது, நாங்கள்தான் திறந்து பார்ப்பதில்லை. வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டி, 25 படங்களை அதிலேயே மாற்றிக் கொடுத்தேன். மிச்சத்துக்கு ஒரு கிழமை பொறுத்து வழி கிடைத்தது. அதைப் பிறகு எழுதுகிறேன். முதலில் ஒன்று சொல்லுகிறேன்: திறக்காத பைல் எல்லாம் பழுதான பைல் அல்ல. கார்டை போமட் பண்ணாதீர்கள்.

கல்முனை ஸ்டூடியோ எழுதியது:

தம்பி, வாசிக்கவே நெஞ்சு பதறுகிறது. கமராவில் போட்டுப் பார்த்தீர்களே, அதுதான் உங்களைக் காப்பாற்றியது.

எங்கள் ஸ்டூடியோவுக்கு வரும் பெடியன்களும் "பழைய கமரா பைலும் புதுக் கமரா பைலும் ஒரே எழுத்தில்தானே முடியுது, பிறகேன் காக்கா திறக்குதில்லை?" என்றுதான் கேட்பார்கள். நான் இப்படிச் சொல்லிக் கொடுப்பேன். றோ என்பது படமே அல்ல. சென்சரில் உள்ள ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு வெளிச்சம் வாங்கியது என்ற எண்களின் அடுக்கு. அநேகமான சென்சர்களில் ஒரு புள்ளி ஒரு நிறத்தை மட்டும் பார்க்கும், பச்சை இரண்டு, சிவப்பு ஒன்று, நீலம் ஒன்று என்ற கணக்கில். அந்த எண்களைப் படமாக்க வேண்டுமென்றால் இந்த மொடலில் கறுப்பு எந்த எண்ணில் தொடங்குகிறது, அதன் சிவப்பு எந்தச் சிவப்பு, எண்களை எப்படிச் சுருக்கி அடைத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் மென்பொருளுக்குத் தெரிய வேண்டும். கொம்பனிகள் இதையெல்லாம் முழுதாக வெளியில் சொல்வதில்லை. புதிய கமரா ஒன்று கைக்கு வந்த பிறகுதான் மென்பொருள் செய்கிறவர்கள் அளந்து, சோதித்து, அடுத்த அப்டேட்டில் சேர்க்கிறார்கள். அதுவரை பைல் வாசலில் நிற்கும்.

சில நேரம் மொடல் மட்டுமல்ல, எண்களை அடைக்கும் பெட்டியான பைல் வகையே மாறும். கெனன் 2018 இல் எம்50 கமராவோடு சீஆர்2 வகையை விட்டுச் சீஆர்3 க்கு மாறியது. உள்ளே இருக்கும் அமைப்பு எம்பி4 வீடியோவின் குடும்பம், பழையதோடு சம்பந்தமே இல்லை. சோனியில் பைல் பெயரின் கடைசி எழுத்து மாறவில்லை, ஆனால் 2021 இல் ஏ1 உடன் தரம் குறையாத புதிய சுருக்கம் ஒன்று வந்தது. நிக்கொன் அதே 2021 இல் இசட்9 உடன் இன்னொரு சுருக்கமுறையைக் கொண்டுவந்தது. பைல் நன்றாகச் சிறுக்கும், ஆனால் இலவச மென்பொருள்கள் பலவற்றுக்கு அது பூட்டிய கதவு. கமரா மெனுவில் சுருக்கத்தைப் பழைய முறைக்கு மாற்றினால் அதே கமராவின் பைல் திறக்கும். இடம் மிச்சம் பிடிக்கிறோம் என்று தெரியாமல் அதைப் போட்டுவிட்டு வருகிறவர்கள் நிறையப் பேர்.

வந்தாறுமூலை கூத்துப்பிள்ளை எழுதியது:

கல்முனை காக்காவுக்கு நன்றி, எனக்கு நடந்தது இப்போதுதான் முழுதாக விளங்குகிறது.

நான் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறேன். ஊரில் வடமோடிக் கூத்து அரங்கேற்றம் ஒன்றை இரவு முழுக்கப் படம் எடுத்தேன். களரியைச் சுற்றி வெள்ளை பல்ப், மஞ்சள் பல்ப், நடுவில் யாரோ கட்டிய நீல லைட். என் மென்பொருள் இலவசமானது, லினக்ஸில் ஓடுகிறது. பைல் திறந்தது! அதனால் பிரச்சினை இல்லை என்று நினைத்தேன். ஆனால் இருட்டுப் பகுதி எல்லாம் ரோஸ் நிறம் படிந்திருந்தது. லைட்டின் நிறத்துக்கு ஏற்பப் படத்தின் நிறத்தைத் திருத்தும் வெள்ளைச் சமநிலையோடு இரண்டு நாள் மல்லுக்கட்டினேன். ராசாவின் கிரீடம் சரியாக வந்தால் முகம் நோய் பிடித்த மாதிரி வரும். லைட்டின் பிழை, என் பிழை என்று என்னையே திட்டிக்கொண்டேன். உண்மையில், அந்த மொடலின் கறுப்பு எண் எதுவென்று மென்பொருளுக்கு இன்னும் தெரியாது, வேறு எதையோ வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறது. திறப்பது வேறு, சரியாகத் திறப்பது வேறு.

நான் செய்தது என்னவென்றால், றோ.பிக்சல்ஸ்.அஸ் (raw.pixls.us) என்று ஒரு பொதுத் தளம் இருக்கிறது. புதிய கமராக்களின் மாதிரிப் பைல்களை யார் வேண்டுமானாலும் அங்கே கொடுக்கலாம், இலவச மென்பொருள் எழுதுகிறவர்கள் அவற்றை வைத்துத்தான் சோதிக்கிறார்கள். கமரா தரும் ஒவ்வொரு றோ முறையிலும் ஒவ்வொரு படம் எடுத்துக் கொடுத்தேன். ஒரு வாழைமரமும் எங்கள் கிணற்றடியும். அடுத்த பதிப்பு வந்தபோது அந்த ரோஸ் நிறம் போயிருந்தது. என் படம்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன், ஆனாலும் அன்றைக்குப் பட்ட சந்தோசம் பெரிது.

அக்கரைப்பற்று எழுதியது:

ஒரு குறுக்குவழி இருக்கிறது, சொல்லிவிட்டு எச்சரிக்கிறேன். பைலுக்குள் கமராவின் பெயர் எழுதியிருக்கும். எக்ஸிஃப்டூல் என்ற இலவசக் கருவியால் அந்தப் பெயரை, அதே சென்சர் உள்ள முந்தைய மொடலின் பெயராக மாற்றினால் சில மென்பொருள் ஏமாந்து திறந்துவிடும். எனக்கு ஒரு தடவை கைகொடுத்தது. ஆனால் நான் மூலப் பைலிலேயே செய்துவிட்டேன். இப்போது என்னிடம் இருக்கும் ஒரு கல்யாண வீட்டுப் படங்கள் எல்லாம் நான் வைத்திராத கமராவில் எடுத்ததாகச் சொல்கின்றன. செய்வதென்றால் கொப்பியில் செய்யுங்கள். சென்சர் வேறென்றால் செய்யவே வேண்டாம், நிறம் கெடும்.

அதே கருவியால் றோவுக்குள் ஒளிந்திருக்கும் ஜேபெக்கையும் எடுக்கலாம். கமராத் திரையில் நாங்கள் பார்ப்பது அதைத்தான். சில கமராவில் முழு அளவு, சிலவற்றில் சின்னது. அவசரத்துக்குப் போதும்.

களுவாஞ்சிகுடி எழுதியது:

நான் முப்பது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். பிலிம் காலத்திலிருந்து. இதைச் சொல்ல இவ்வளவு நாளும் மனம் வரவில்லை.

2019 இல் புதுக் கமரா ஒன்று எடுத்தோம். முதல் வேலை ஒரு சாமத்திய வீடு. என்னிடம் வேலை செய்த தம்பி கார்டைப் போட்டுப் பார்த்திருக்கிறான், ஒன்றும் திறக்கவில்லை. கொப்பி எடுக்காமல், கார்ட் பழுது என்று நினைத்து போமட் பண்ணி, "இப்ப வேலை செய்யுது அண்ணன்" என்று சந்தோசமாகச் சொல்லி அடுத்த நாள் விழாவையும் அதிலேயே எடுத்துவிட்டான். அவனில் பிழை இல்லை, புதுக் கமராவைப் பரீட்சிக்காமல் கொடுத்தது நான். கொழும்பில் ஒரு கடையில் கொடுத்து 212 பைல்கள் மீட்டோம். அவையும் திறக்கவில்லை. மீட்டது பழுதாகத்தான் வந்திருக்கிறது என்றார்கள், நானும் நம்பினேன். காசைத் திருப்பிக் கொடுத்தேன். அந்தப் பிள்ளையின் தாய் ஒரு சொல் கூட ஏசவில்லை. கோயிலில் கண்டால் இன்றைக்கும் சுகம் விசாரிப்பார். எனக்குத்தான் முகம் பார்க்கக் கூசும்.

கல்லடி வாவிக்கரை எழுதியது:

ஐயா, அந்த 212 பைல்களும் இப்போது எங்கே?

மற்றவர்களுக்கு, நான் சொல்வதாக விட்டது: அடோபியின் டிஎன்ஜி கன்வேட்டர் என்ற இலவச மென்பொருள்தான் எனக்கு வழி காட்டியது. டிஎன்ஜி 2004 இல் அடோபி வெளியிட்ட பொது றோ வகை, அதன் விவரம் எல்லோருக்கும் திறந்தது. பென்டக்ஸ், லைக்கா கமராக்களில் நேரடியாகவே அதில் எடுக்கலாம். புதுக் கமராவின் றோவை டிஎன்ஜியாக மாற்றினால் பழைய எடிட்டிங் மென்பொருளும் திறக்கும். மாற்றும்போது எந்தப் பழைய பதிப்புக்கு ஏற்றதாக வேண்டும் என்று கேட்கும், உங்களுடையதைக் கொடுங்கள். லைட்ரூம் 6 வைத்திருப்பவர்களுக்கு இது முக்கியம். மாதக் கட்டணம் இல்லாமல் வாங்கக்கூடிய கடைசிப் பதிப்பு அது. 2017 டிசம்பரில் வந்த 6.14 க்குப் பிறகு புதிய கமரா எதுவும் அதில் சேரவில்லை. கன்வேட்டரின் புதிய பதிப்பு என் பழைய வின்டோஸில் ஏறவில்லை, ஏறாவூரில் மருமகனின் கொம்பியூட்டரில் வைத்து மாற்றினேன்.

மூலத்தை அழிக்க வேண்டாம். கமரா கொம்பனிகள் தரும் இலவச மென்பொருளால் (கெனனுக்கு டிபிபி, நிக்கொனுக்கு என்எக்ஸ் ஸ்டூடியோ, சோனிக்கு இமேஜிங் எட்ஜ்) தங்கள் மூலப் பைலைத்தான் முழுதாகக் கையாள முடியும், மாற்றிய டிஎன்ஜியை அல்ல. இரண்டையும் வைத்தால் ஹார்ட் டிஸ்க் இரட்டிப்பாகத் தேவை, செலவுதான். நான் தீமிதிப்பின் மூலப் பைல்கள் 640 ஐயும் அப்படியே வைத்திருக்கிறேன்.

கல்முனை ஸ்டூடியோ எழுதியது:

புதுக் கமரா கைக்கு வந்த அன்றே வீட்டு முற்றத்தில் நாலு படம் எடுத்து, எடிட் பண்ணி, பிரின்ட் வரைக்கும் கொண்டுபோய்ப் பாருங்கள். முதல் சில மாதம் றோவோடு ஜேபெக்கும் சேர்த்து எடுங்கள். கார்டில் இடம் போகும், போகட்டும்.

ஐயா, தம்பி கேட்டதைத்தான் நானும் கேட்கிறேன். அந்தப் பைல்களை வீசிவிட்டீர்களா?

களுவாஞ்சிகுடி எழுதியது:

வீசவில்லை. வீச மனம் வராமல் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் போட்டு அலுமாரிக்குள் வைத்திருந்தேன். நீங்கள் இரண்டு பேரும் கேட்ட பிறகு நேற்றிரவு எடுத்தேன். இப்போது ஸ்டூடியோவில் இருக்கும் மென்பொருள் புதியது, அந்தக் கமராவை அதற்குத் தெரியும்.

212 இல் 187 திறந்தது. மிச்சப் படங்களில் கீழ்ப் பாதி சாம்பல் நிறம், அவை உண்மையாகவே அடிபட்டவை. தண்ணி வார்க்கும் படம் இருக்கிறது. மாமி பிள்ளைக்கு நகை போடுவது இருக்கிறது. பிள்ளையின் அம்மம்மா ஆலாத்தித் தட்டோடு நிற்பதும் இருக்கிறது, அவர் போன வருடம் காலமாகிவிட்டார்.

விடியும்வரை ஸ்டூடியோவிலேயே இருந்தேன். இப்போது மணி ஆறரை. கடையைத் திறக்காமல் நேரே அவர்கள் வீட்டுக்குப் போகிறேன்.