தமிழ் வலைப்பதிவுகளுக்கு ஒரு திரட்டி: வேலையை விட்டுவிட்டு இறங்கலாமா?

சென்னிமலைப் பெண்:

வணக்கம். சொந்த ஊர் சென்னிமலை. ஏழு வருடமாகப் பெருங்குடியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டெஸ்டிங் வேலை.

என் சித்தப்பா கைத்தறி நெசவாளர். போன ஆவணியில் தவறிவிட்டார். அவருடைய போனில் இருந்த மின்னஞ்சலைப் பார்த்தபோதுதான் அவர் கூகுளின் இலவச வலைப்பதிவுத் தளமான பிளாக்ஸ்பாட்டில் எழுதியிருக்கிறார் என்றே எங்களுக்குத் தெரிந்தது. 2007 முதல் 2012 வரை 143 பதிவுகள். தெருவில் பாவு விரித்துக் கஞ்சி போடும்போது வெயில் ஏறிவிட்டால் இழை என்ன ஆகும் என்பதற்கே ஒரு முழுப் பதிவு. பக்கத்துத் தெருவில் விசைத்தறி வந்த வாரத்தைப் பற்றி ஒன்று. பின்னூட்டங்களில் துபாயிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் ஆட்கள் கேள்வி கேட்டிருக்கிறார்கள், இவர் ஒருவர் விடாமல் பதில் சொல்லியிருக்கிறார். படங்கள் பாதிக்கு மேல் போய்விட்டன. அவற்றை ஏற்றி வைத்திருந்த தளம் பின்னாளில் பணம் கேட்டிருக்கிறது.

இதைப் படித்த நாளிலிருந்து ஒரே நினைப்பு. இந்த மாதிரிப் பதிவுகளைத் தேடிச் சேர்த்து, புதிதாக எழுதுபவர்களையும் ஓரிடத்தில் காட்டும் ஒரு திரட்டி, கூடவே ஓர் ஆப். நண்பன் ஒருவன் நிரல் எழுதத் தயார். என் கையில் ஆறு லட்சம் இருக்கிறது. ஒரு முதலீட்டாளரைப் பார்த்தோம். மாதம் எத்தனை லட்சம் பேர் வருவார்கள் என்று கேட்டார், பதில் சொல்லத் தெரியவில்லை. வேலையை விட்டுவிட்டு இறங்கலாமா? தமிழ்மணம் போன்ற திரட்டிகள் ஏன் நிலைக்கவில்லை? அந்தக் காலத்தில் இருந்தவர்கள் சொல்லுங்கள்.

சிம்மக்கல் வாசகன்:

அம்மா, உங்கள் சித்தப்பாவுக்கு என் வணக்கம். நானும் 2005 முதல் எழுதியவன், அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

அப்போது மதுரையில் கூட்டுறவு வங்கியில் வேலை. சாயங்காலம் சிம்மக்கல்லில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போவேன், மணிக்கு 20 ரூபாய். அங்கே தமிழ் தட்டச்சு மென்பொருளான எ-கலப்பையை நிறுவ விடமாட்டார்கள். அதனால் சுரதாவின் பொங்குதமிழ் பக்கத்தைத் திறந்து, ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக்கி, வெட்டி ஒட்டுவேன். அதற்கு முன்னால் திஸ்கி, டாப், டாம் என்று ஆளுக்கொரு எழுத்துக் குறியீடு இருந்தது. எல்லோருக்கும் பொதுவான யூனிகோடு பரவிய பிறகுதான் ஒருவர் எழுதியதை இன்னொருவர் தனி எழுத்துரு இல்லாமல் படிக்க முடிந்தது. பழைய கணினிகளில் அதுவும் கட்டம் கட்டமாகத் தெரியும்.

இப்படி அங்கங்கே தனியாக எழுதிக்கொண்டிருந்தவர்களை ஒரே முற்றத்தில் உட்கார வைத்தது தமிழ்மணம். காசி ஆறுமுகம் 2004இல் தொடங்கினார், பிறகு ஒரு தன்னார்வக் குழு ஏற்று நடத்தியது. வாரம் ஒருவரை நட்சத்திரப் பதிவராக்குவார்கள். யார் பதிவுக்கு இப்போது மறுமொழி வந்திருக்கிறது என்று ஒரு பத்தி ஓடிக்கொண்டே இருக்கும். என் பதிவு அதில் மேலே வந்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. 2007 ஆகஸ்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பதிவர் பட்டறை நடந்தபோது, எழுத்தில் மட்டுமே தெரிந்த முகங்களை நேரில் பார்த்தோம். சண்டைகளும் இருந்தன, அதையும் மறைக்க வேண்டாம். சாதிச் சண்டை, பெயர் சொல்லாமல் வந்து திட்டுவது எல்லாம் உண்டு. அந்த வசவுகளால் சில பெண்கள் எழுதுவதையே நிறுத்தினார்கள்.

ஏன் நிலைக்கவில்லை என்று கேட்டீர்கள். வாசகர் இல்லாமல் இல்லை, காசு வர வழி இல்லை. தளங்களில் விளம்பரம் போட்டுக் காசு தரும் கூகுள் ஆட்சென்ஸ் தமிழை ஏற்றுக்கொண்டது 2018இல். இந்திக்கே 2014 கடைசியில்தான் கிடைத்தது. தமிழில் ஆயிரம் பதிவு எழுதியவருக்கும் அதுவரை அந்த வழியில் முறையாக ஒரு ரூபாய்கூட வரவில்லை. அதற்குள் எழுதுபவர்கள் முகநூலுக்குப் போய்விட்டார்கள். அங்கே நாலு வரி எழுதினால் பத்து நிமிடத்தில் ஐம்பது விருப்பக்குறி விழுகிறது. பல தளங்களின் புதுப் பதிவுகளை ஓரிடத்தில் காட்டிய கூகுள் ரீடரும் 2013 ஜூலையில் மூடப்பட்டதும், அதில் படித்தவர்களும் சிதறினார்கள். திரட்டி நடத்தியவர்கள் வேலைக்குப் போய்விட்டு வந்து, ராத்திரி கண்விழித்து சர்வரைப் பார்த்தவர்கள். எத்தனை வருடம் அப்படித் தாங்கும்?

திரட்டி கிடக்கட்டும், அவசரமான வேறொரு விஷயம் இருக்கிறது. 2 வருடம் யாரும் உள்ளே நுழையாத தனிநபர் கூகுள் கணக்குகளை அழிக்கும் நடைமுறை 2023 டிசம்பரில் தொடங்கிவிட்டது. கணக்கு போனால் அதிலுள்ள பதிவும் போகும். உங்கள் சித்தப்பாவைப் போல எத்தனை பேர் இறந்துபோயிருப்பார்கள்! அவர்கள் பிள்ளைகளுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. யாகூ மின்னஞ்சல் குழுமங்கள் 2020இல் முழுதாக மூடப்பட்டபோது, அங்கிருந்த மரத்தடி, ராயர் காப்பி கிளப் போன்ற தமிழ்க் குழுக்களின் காலத்துப் பேச்சு இருந்த இடமே இல்லாமல் போயிற்று.

வேளச்சேரி பாலா:

நான் இரண்டு ஸ்டார்ட்அப்களில் வேலை பார்த்தவன். ஒன்று உள்ளூர் மொழிச் செய்தி ஆப், பதினான்கு மாதத்தில் மூடினார்கள், எனக்குக் கடைசி இரண்டு மாதச் சம்பளம் வரவில்லை. அதனால் வெளிப்படையாகச் சொல்கிறேன் அக்கா, வேலையை விடாதீர்கள்.

சென்னையில் ஸ்டார்ட்அப் என்றாலே எல்லோரும் ஃபிரெஷ்வொர்க்ஸைச் சொல்வார்கள். 2010இல் தொடங்கி 2021இல் அமெரிக்கப் பங்குச்சந்தையான நாஸ்டாக்கில் பட்டியலானது உண்மைதான். ஆனால் அவர்கள் விற்றது நிறுவனங்களுக்கான மென்பொருள், மாதாமாதம் சந்தா வருகிறது. படிக்கும் தளத்துக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது. ட்விட்டர் மாதிரி வந்த ‘கூ’ என்ற ஆப் 6 கோடி டாலருக்கு மேல் முதலீடு வாங்கி, தமிழ் உட்படப் பல மொழிகளில் நடத்தியும் 2024 ஜூலையில் மூடிவிட்டது. 2016இல் ஜியோ வந்து டேட்டா மலிவானபோது தமிழில் படிப்பவர்கள் பெருகுவார்கள் என்று எங்கள் முதலாளி நம்பினார். ஜனங்கள் வீடியோவுக்குப் போனார்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. 2014இல் தொடங்கிய பிரதிலிபி என்ற கதைத் தளம். அதில் தமிழ்த் தொடர்கதைகளுக்கு வாசகர்களே காசு கொடுக்கிறார்கள். என் அம்மாவே அடுத்த அத்தியாயத்தைத் திறக்க நாணயம் வாங்குகிறார். அடுத்து என்ன ஆகுமோ என்ற தவிப்பு கதையில் இருக்கிறது. தறியைப் பற்றிய பதிவுக்கு அந்தத் தவிப்பு வராது, அதற்கு வேறு வழி பார்க்க வேண்டும். முதலீட்டாளரிடம் மட்டும் இப்போது போகாதீர்கள். அவர் கேட்கும் லட்சத்தைக் காட்டுவதற்காக மூன்றாவது மாதமே நடிகர் செய்தி போட ஆரம்பித்துவிடுவீர்கள்.

சென்னிமலைப் பெண்:

இரண்டு பேருக்கும் நன்றி. கணக்கை அழிக்கும் விஷயம் எனக்குத் தெரியாது. இப்போதுதான் உள்ளே போய்ப் பார்த்தேன், சித்தப்பா கடைசியாக எப்போது நுழைந்தார் என்று தெரியவில்லை. வேலையை விடவில்லை. ஆறு லட்சத்தையும் தொடப்போவதில்லை. சித்தியிடம் கேட்டுவிட்டு முதலில் அவருடைய 143 பதிவுகளையும் எடுக்கிறேன். மற்றவர்கள் பதிவை அவர்கள் வீட்டாரைக் கேட்காமல் நாமாக எடுத்து வைப்பது சரியா, அண்ணா?

சிம்மக்கல் வாசகன்:

கேட்காமல் வெளியிடக் கூடாது. எழுதியவர் இல்லையென்றாலும் உரிமை அவர் வாரிசுகளுடையது. பக்கத்தை இணைய ஆவணக்காப்பகத்தின் வேபேக் மெஷினில் சேமிக்கச் சொல்லலாம், முகவரியைக் கொடுத்தால் போதும். அதை இன்று ராத்திரியே செய்யலாம்.

சித்தப்பாவுடையதற்கு: பிளாக்ஸ்பாட் பதிவுகளை நடத்தும் பிளாகரின் அமைப்புகளில் வலைப்பதிவை நிர்வகிக்கும் பகுதியில் காப்புப் பிரதி எடுக்கும் வசதி இருக்கிறது. பதிவுகளோடு பின்னூட்டங்களும் கோப்பாக இறங்கும். படங்களுக்கு அதை நம்ப வேண்டாம், மீதி இருப்பதைத் தனியாக இறக்கி வையுங்கள். கோப்பை இரண்டு இடத்தில் வைத்து, ஒன்றைச் சித்தியிடமே கொடுங்கள்.

என்னிடம் பழைய பதிவர்களின் முகவரிகள் ஒரு நோட்டில் இருக்கின்றன, 2006 முதல் எழுதி வைத்தது. இருநூறுக்கு மேல் இருக்கும். எது இன்னும் திறக்கிறது என்று இந்த வாரம் ஒவ்வொன்றாகப் பார்த்து இங்கேயே போடுகிறேன். பாலா தம்பி, நேரம் இருந்தால் பாதியை நீங்கள் பாருங்கள். அம்மா, அந்தக் கஞ்சிப் பதிவின் இணைப்பை மட்டும் இப்போதே கொடுங்கள், படிக்க வேண்டும்.