ச-ப என்று இரண்டே தந்தி

குழு: கும்பகோணத்து வீட்டார்

நிலா (லண்டன்), இந்திய நேரம் அதிகாலை 4:05
எல்லோரும் தூங்கிக்கொண்டிருப்பீர்கள், எழுந்ததும் பாருங்கள். இங்கே ஒரு சீன இசைக் கச்சேரிக்குப் போய்விட்டு இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன். தூக்கம் வரவில்லை. மேடையில் எழுபது பேருக்கு மேல் இருந்தார்கள். ஆனால் மனசில் நிற்பது ஒரே ஒருவர் தனியாக வாசித்த ஆறேழு நிமிஷம்தான்.

நிலா (லண்டன்)
ராமு தாத்தா, இது உங்களுக்கு. எர்ஹு என்று ஒரு வாத்தியம். இரண்டே தந்தி, நம் ச-ப (சட்ஜமம், பஞ்சமம்) போலச் சுருதி சேர்க்கிறார்கள். இடது தொடையில் நிறுத்தி வைத்து வாசிப்பார்கள். வில்லின் முடி இரண்டு தந்திகளுக்கும் நடுவே கோத்திருக்கிறது, வில்லைத் தனியாக எடுக்கவே முடியாது. ஒரு பக்கம் அழுத்தினால் ஒரு தந்தி, மறுபக்கம் தள்ளினால் இன்னொன்று. அதோடு, விரலுக்கு அடியில் பலகையே கிடையாது. தந்தியை அந்தரத்தில்தான் அழுத்த வேண்டும்.

ராமு தாத்தா, காலை 5:10
பலகை இல்லையென்றால் விரல் தாராளமாக வழுக்குமே அம்மாடி. ஸ்வரத்தை ஆட்டி இழுக்கும் அசைவெல்லாம் நன்றாக வருமா?

நிலா (லண்டன்)
வருகிறது தாத்தா. நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன், கை நன்றாகத் தெரிந்தது. கீழிருந்து மேலே போகும்போது ஒரே விரல் சறுக்கிப் போய், சேரவேண்டிய இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே தயங்கி, அப்புறம் உட்காருகிறது. அந்தத் தயக்கத்தில்தான் எனக்குத் தொண்டை அடைத்தது. வில் போகிற வழியில் எர்ஹுவின் பெட்டி மேல், வில்லுக்குத் தடவும் ரோசின் பொடி வெள்ளையாகப் படிந்திருந்தது, அதுகூடக் கண்ணில் நிற்கிறது.

சுமதி அத்தை, 5:42
நீ இன்னும் தூங்கலையாடி? நாளைக்கு ஆபீஸ் இல்லையா?

நிலா (லண்டன்)
லீவு அத்தை. இதைச் சொல்லிவிட்டுப் படுக்கிறேன்.

ஆனந்த் (சிங்கப்பூர்), 5:50
அது ஆபிங் என்கிற கலைஞரின் இசை உருப்படியாக இருக்கும். ‘இரண்டாம் ஊற்றில் நிலவு’ என்கிற மாதிரிப் பெயர். சரியா?

நிலா (லண்டன்)
அதேதான் அண்ணா! உனக்கு எப்படித் தெரியும்?

ஆனந்த் (சிங்கப்பூர்)
எர்ஹு என்றால் பத்தில் எட்டுப் பேர் அதைத்தான் வாசிப்பார்கள். என் எதிர்வீட்டுப் பெரியவர் எர்ஹு வாசிப்பார், அவர் சொல்லித்தான் எனக்கு எல்லாம் தெரியும். ஆபிங் வூஷி என்கிற ஊரில் தாவோ கோயில் பூசாரியின் மகன். பார்வை போனபின் தெருவில் வாசித்துப் பிழைத்தார். 1950 கோடையில் யாங் யின்லியு என்கிற இசை ஆய்வாளர் கம்பியில் ஒலி பதிக்கும் ரெக்கார்டரை எடுத்துக்கொண்டு அவரைத் தேடிப் போனார். ஆபிங்கிடம் அப்போது வாத்தியமே இல்லை, இரவல் வாங்கிக் கொடுத்தார்கள். மொத்தம் ஆறு உருப்படி பதிவானது. எர்ஹுவில் மூன்று, பிபா என்கிற மீட்டும் வாத்தியத்தில் மூன்று. அந்த டிசம்பரிலேயே இறந்துவிட்டார்.

ராமு தாத்தா
ஆறே ஆறா! எத்தனை போயிருக்கும் அந்த மனிதரோடு.

சுமதி அத்தை
படிக்கவே கஷ்டமாக இருக்கிறது ஆனந்த். அந்தப் பெயர் அவர் வைத்ததா?

ஆனந்த் (சிங்கப்பூர்)
தெருவில் வாசித்தபோது அதற்குப் பெயரே இல்லை அத்தை. பதிவு செய்தபோதுதான் வைத்தார்கள். அந்த ஊரில் ஓர் ஊற்று உண்டு. தேநீருக்கு ஏற்ற தண்ணீரில் அதற்கு இரண்டாம் இடம் என்று பழைய காலத்திலேயே பெயர் வாங்கியது.

நிலா (லண்டன்), 6:15
என் மனத்தாங்கலையும் சொல்லிவிடுகிறேன். இடைவேளைக்குப் பிறகு முழுக் குழுவும் வாசித்தது. பன்னிரண்டு எர்ஹு சேர்ந்து ஒரே மெட்டு. பன்னிரண்டு பேரும் ஒன்றாக இழைய வேண்டுமென்றால் எல்லோரும் ஒரே அளவாகத்தானே சறுக்க முடியும்? முதல் பாதியில் கேட்ட அந்தத் தயக்கம் இஸ்திரி போட்ட மாதிரி போய்விட்டது. அடியில் செல்லோவும் டபுள் பேஸும் மேற்கத்திய முறையில் ஒத்து கொடுத்தன. பக்கத்து சீட் வெள்ளைக்காரப் பாட்டி தனி எர்ஹுவுக்குக் கண்ணைத் துடைத்துக்கொண்டவர். இரண்டாம் பாதியில் நிகழ்ச்சித் தாளைப் புரட்டிக்கொண்டிருந்தார். வெள்ளைக்காரர்களுக்குப் புரியவேண்டும் என்று இப்படி மாற்றிக் கொடுக்கிறார்கள். அவர்களோ மாற்றாமல் கொடுத்ததற்குத்தான் அழுகிறார்கள்.

ஆனந்த் (சிங்கப்பூர்)
முதல் பகுதி சரி. கடைசியில் சொன்னதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன் நிலா. பெரிய குழு வெள்ளைக்காரர்களுக்காக வந்ததில்லை. 1935-லேயே நான்ஜிங் வானொலியில் அப்படி ஒரு குழு இருந்தது. 50-களில் ஊருக்கு ஊர் பெரிதாக வளர்ந்தது. ஐரோப்பிய ஆர்க்கெஸ்ட்ராவைப் பார்த்துத்தான் அடுக்கினார்கள், அது உண்மை. தங்கள் வாத்தியங்களில் கீழ்ஸ்தாயி போதவில்லை என்று செல்லோவைச் சேர்த்தார்கள். ஆனால் கேட்டு வளர்ந்தது அவர்கள் ஜனங்கள்தான். வியன்னாவின் தங்க மண்டபம் என்கிற இசை அரங்குக்குப் பெய்ஜிங் குழு போனது 1998 சீனப் புத்தாண்டுக்குத்தான். எங்கள் ஊர்க் குழு லண்டன் பார்பிகன் அரங்கில் வாசித்தது 2005-இல்.

ஆனந்த் (சிங்கப்பூர்)
இன்னொன்று. மீட்டுகிற வாத்தியங்களைக் கவனித்தாயா? லியுசின், பிபா, ருவான், நடுவே குச்சியால் தட்டும் யாங்சின். முப்பது கை சேர்ந்து மீட்டினால் தகரக் கூரையில் மழை பிடித்த மாதிரி இருக்கும். ஐரோப்பாவின் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவில் அப்படி ஓர் அணி கிடையாது.

நிலா (லண்டன்)
அந்த மழையை மறுக்க மாட்டேன் அண்ணா. அது வந்தபோது நானே நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

சுமதி அத்தை
நம் நாகஸ்வரம் மாதிரி ஒன்றும் சீனர்களிடம் உண்டாமே? எங்கேயோ பார்த்த ஞாபகம்.

ஆனந்த் (சிங்கப்பூர்)
சுவோனா, அத்தை. பாரசீகத்து சுர்னா என்ற பெயர்தான் அங்கே போய் அப்படி ஆனது. ஷெனாயும் நாகஸ்வரமும் அதே மாதிரி சீவாளி (நாணல் ஊதுவாய்) வைத்து ஊதும் ஜாதி. அங்கேயும் கல்யாணத்துக்கும் சாவுக்கும் அதைத்தான் ஊதுவார்கள். திறந்தவெளி வாத்தியம். மண்டபத்துக்குள் ஊதினால் காது அடைக்கும்.

சுமதி அத்தை
அந்த எர்ஹு பெட்டி மேல் என்ன போர்த்தியிருக்கிறது நிலா? நெட்டில் பார்த்த படத்தில் செதில் செதிலாகத் தெரிகிறதே.

நிலா (லண்டன்)
மலைப்பாம்புத் தோல் அத்தை.

சுமதி அத்தை
ஐயோ.

ஆனந்த் (சிங்கப்பூர்)
அழியும் ஆபத்துள்ள உயிர்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தப் பட்டியலில் மலைப்பாம்பு இருக்கிறது அத்தை. கச்சேரிக்கு வெளிநாடு கொண்டுபோகத் தாள்கள் வேண்டும், இல்லையென்றால் சுங்கத்தில் சிக்கல். ஹாங்காங் சீன ஆர்க்கெஸ்ட்ரா தோலையே விட்டுவிட்டு, தண்ணீர் பாட்டில் செய்கிற பெட் (PET) பிளாஸ்டிக் படலத்தைப் போர்த்தி வாத்தியம் செய்துவிட்டது. மேடையில் அதைத்தான் வாசிக்கிறார்கள்.

ராமு தாத்தா, 6:50
கஞ்சிராவுக்கு உடும்புத் தோல் போய் வேறு தோல் வந்த கதைதான். நாதம் முதலில் பிடிபடாது, கை பழகிக்கொள்ளும். சரி, நிலா சொன்னதற்கு வருகிறேன். நம் பக்கம் பாலுசுவாமி தீட்சிதர் வெள்ளைக்காரர்களின் பிடிலை எடுத்தார். தரையில் உட்கார்ந்து, பிடிலின் தலையைக் காலில் ஊன்றி, தந்தியை ச-ப-ச-ப என்று மாற்றிக்கொண்டோம். வாத்தியம் அவர்களுடையது, வாசிப்பது முழுக்க நம்முடையது. சீனர்கள் தங்கள் வாத்தியத்தை வைத்துக்கொண்டு ஆர்க்கெஸ்ட்ரா அமைப்பை ஐரோப்பாவிலிருந்து எடுத்திருக்கிறார்கள். எதை எடுத்தாலும் அசைவு போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அது போனால் வெறும் ஸ்வரம்.

ஆனந்த் (சிங்கப்பூர்)
தாத்தா, நீங்கள் சொன்னதற்கு அச்சாக ஒரு சம்பவம் இருக்கிறது. செய்ஜி ஒசாவா, அப்போது பாஸ்டன் சிம்பொனி என்கிற ஆர்க்கெஸ்ட்ராவின் நடத்துநராக இருந்தவர். ஜப்பானியர், பிறந்தது சீனாவின் ஷென்யாங்கில். 1978-இல் பெய்ஜிங்கில் இதே ஆபிங் உருப்படியை நடத்தினார். வூ ஸுச்சியாங் என்பவர் வயலின், செல்லோ குழுவுக்காக எழுதிய வடிவம். அடுத்த நாள் இசைக் கல்லூரிக்குப் போனார். ஜியாங் ஜியான்ஹுவா என்ற இளம் மாணவி அதையே எர்ஹுவில் வாசித்தார். மனுஷர் அழுதுவிட்டார். இதை மண்டியிட்டுத்தான் கேட்க வேண்டும் என்றாராம். முதலிலேயே இதைக் கேட்டிருந்தால் முந்தின நாள் நடத்தத் துணிந்திருக்க மாட்டேன் என்றும் சொன்னதாகச் சொல்வார்கள்.

நிலா (லண்டன்)
அண்ணா, இது நான் சொன்னதுதானே!

ஆனந்த் (சிங்கப்பூர்)
பாதி. குழுவுக்கு எழுதாமல் இருந்திருந்தால் ஒசாவா கைக்கு அது வந்தே இருக்காதே. பெரிய வடிவத்தைக் கேட்டவர்தான் மூலத்தைத் தேடிப் போனார்.

நிலா (லண்டன்)
சரி, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பெரிய குழு ஊர் ஊராகப் போகும்போது நடுவில் பத்து நிமிஷமாவது ஒற்றை எர்ஹுவுக்கு விடட்டும். எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு உட்காரட்டும். நேற்று அப்படித்தான் செய்தார்கள், அந்தச் சில நிமிஷத்துக்காகத்தான் நான் தூங்காமல் இருக்கிறேன். ஒரு இடத்தில் ‘ஆஹா’ என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. அங்கே யாரும் மூச்சுகூட விடவில்லை, அடக்கிக்கொண்டேன்.

ஆனந்த் (சிங்கப்பூர்)
சீனாவில் நாடகக் கொட்டகையில் அந்த இடத்துக்கு ‘ஹாவ்!’ என்று கத்துவார்கள். அடக்கியிருக்க வேண்டாம்.

ராமு தாத்தா, 7:05
அந்த 1950 பதிவு கிடைக்குமா?

ஆனந்த் (சிங்கப்பூர்)
[ஆடியோ]
இரைச்சல் அதிகம் தாத்தா, ஹெட்போனில் கேளுங்கள். ஆபிங் தடித்த தந்தி கட்டுவாராம். அதனால் இந்த உருப்படிக்கு வழக்கமான எர்ஹு சுருதியைவிட ஒரு பஞ்சமம் இறக்கி வைப்பார்கள்.

சுமதி அத்தை, 7:30
மாமா கதவைச் சாத்திக்கொண்டு கேட்கிறார். காபிக்குக் கூப்பிட்டால் கை காட்டுகிறார்.

ராமு தாத்தா, 8:12
மூன்று தடவை கேட்டேன். முதலில் மோகனம் என்று நினைத்தேன். ஆனால் வந்து நிற்கும் இடங்களைப் பார்த்தால் பஞ்சமத்தைச் சட்ஜமமாக வைத்த மாதிரி, சுத்த சாவேரி சாயல். நடுநடுவே வேறு ஸ்வரமும் தொட்டுப் போகிறது, ராகக் கணக்கில் அடங்காது.

ராமு தாத்தா
[குரல் செய்தி 0:48]
பிடிலில் பிடித்துப் பார்த்தேன். மந்திர ஸ்தாயியில் முதல் வரி ஓரளவு வருகிறது. இரண்டாவது வரியில் மேலே போகும் அந்த இழுப்பு எனக்குப் பலகையில் தட்டுகிறது. ஆனந்த், உன் எதிர்வீட்டுக்காரரிடம் கேள். அந்த இடத்தை ஒரே விரலில் போகிறாரா, விரல் மாற்றுகிறாரா?

ஆனந்த் (சிங்கப்பூர்)
சாயங்காலம் அவர் கையை வீடியோ எடுத்து அனுப்புகிறேன் தாத்தா.

ராமு தாத்தா
இடது கை தெரிகிற மாதிரி எடு.