ஓமனில் நான் பார்த்தது வன்னியா, சீமைக் கருவேலமா?

மஸ்கட்வாசி:
வேலை நிமித்தமாக ஓமனுக்கு வந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. சென்ற மாதம் ஜபல் அக்தர் மலைக்குப் போகும் வழியில், அடிவாரச் சமவெளியில் தனியாக நின்ற ஒரு பெரிய மரத்தைக் காட்டி, ஓட்டுநர் அதைக் 'காஃப்' என்றார். இலையைப் பார்த்தால், எங்கள் ஊர்க் கண்மாயை அடைத்துக்கொண்டிருக்கும் சீமைக் கருவேலம்தான் நினைவுக்கு வந்தது. இரண்டும் ஒன்றா? மலைமேல் சைக் பீடபூமியில் ஒரு முதியவர் கை நிறையக் கொடுத்த சிறிய கரும்பழங்களின் பெயர் 'பூத்' என்று மட்டும் தெரிந்தது. அது என்ன பழம்? வழியில் ஒரு பலகையில் வரைந்திருந்த ஆடு நம் நீலகிரி வரையாடுதானா?

கரிசல்காட்டான்:
காஃப் என்பது நம் வன்னி மரமேதான்; விருத்தாசலம் கோயிலின் தலமரமும் அதே இனம். குழப்பம் உங்களுடையது மட்டுமல்ல. சீமைக் கருவேலம் ஓமனுக்கும் கொண்டுவரப்பட்டுப் பரவிவிட்டது, அதை அங்கே 'காஃப் பஹ்ரி' என்கிறார்கள். பஹ்ரி என்றால் கடல்வழி வந்தது என்று பொருள்கொள்ளலாம். நாம் 'சீமை' என்று சேர்த்துச் சொல்வதும் அதே எண்ணத்தில்தான்.

வேறுபாட்டை அறிய முள்ளைப் பாருங்கள். சீமைக் கருவேலத்தில் இலை புறப்படும் கணுவில் நீண்ட முட்கள் பெரும்பாலும் இணையாக நிற்கும்; வன்னியில் குட்டையான முட்கள் கணுக்களுக்கு இடைப்பட்ட பகுதியில் ஒற்றை ஒற்றையாகச் சிதறியிருக்கும். வன்னியின் காய் மெல்லியதாகத் தொங்கும், மற்றதன் காயோ தடித்து மஞ்சளாகச் சதைப்பற்றுடன் இருக்கும். ஆடும் ஒட்டகமும் வன்னியின் தழையை விரும்பி மேயும். சீமைக் கருவேலத்தின் தழையை அவை பெரும்பாலும் தொடாமல் காயை மட்டும் தின்று, விதைகளைச் சாணத்தோடு ஊர் முழுவதும் விதைத்துவிடுகின்றன.

மலைப்பாதை:
வரையாட்டைப் பற்றி நான் சொல்கிறேன். பலகையில் இருந்தது அரேபிய வரையாடு. ஓமனிலும் ஐக்கிய அமீரகத்திலும் நீளும் ஹஜர் மலைத்தொடரைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாதது. இமயமலை, நீலகிரி, அரேபியா ஆகிய மூன்றின் வரையாடுகளையும் நெடுங்காலம் ஒரே பேரினத்தில் வைத்திருந்தார்கள். 2005 இல் வெளியான மரபணு ஆய்வு அவற்றை மூன்று தனிப் பேரினங்களாகப் பிரித்தது. அதன்படி நம் வரையாடு செம்மறிக்கு நெருக்கமானது. அரேபிய வரையாடோ வட ஆப்பிரிக்காவின் பார்பரி ஆட்டுக்கு உறவு. ஒத்த பாறைச் சரிவில் வாழ்ந்து ஒத்த உருவம் பெற்றிருக்கின்றன, அவ்வளவே.

அரேபிய வரையாட்டின் அறிவியல் பெயரில் உள்ள 'ஜயகரி' என்பது, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மஸ்கட்டில் பணியாற்றிய ஆத்மாராம் ஜெயக்கர் என்ற இந்திய மருத்துவரைக் குறிக்கிறது. அவர் லண்டனுக்கு அனுப்பிய மாதிரிகளைக் கொண்டுதான் 1894 இல் இந்த இனம் விவரிக்கப்பட்டது. ஹஜர் மலையின் பல்லி ஒன்றும், மணலில் புதைந்து வாழும் பாம்பு ஒன்றும் கூட அவர் பெயரையே தாங்கியுள்ளன. நேரில் காண்பது அரிது: நம் வரையாட்டைப் போலப் பெரிய மந்தையாகத் திரியாமல், தனியாகவோ இரண்டு மூன்றாகவோதான் இருக்கும், கோடையில் அடிக்கடி தண்ணீருக்கு இறங்கியும் ஆக வேண்டும். அந்தச் சுனைகளிலும் மேய்ச்சலிலும் வளர்ப்பு ஆடுகள் போட்டிக்கு வந்துவிடுவது பெரிய தொல்லை.

செடிகொடி:
பூத் பழம் தரும் குறுமரம் சப்போட்டா, இலுப்பைக் குடும்பத்தைச் சேர்ந்தது; கொடுத்த முதியவர் கொடுத்துவைத்தவர். அடுத்த முறை இன்னும் மேலே ஏறி, ஊசியிலை மர வகையைச் சேர்ந்த ஜூனிப்பர் மரங்களைப் பாருங்கள். சுமார் 2,400 மீட்டருக்கு மேல் அவை செழிப்பாக நிற்கும். அதற்குக் கீழே, நுனி காய்ந்து, பாதிக் கிளைகள் பட்டுப்போன மரங்களையே அதிகம் காண்பீர்கள். வறட்சியும் மேய்ச்சலும் சேர்ந்து இளங்கன்றுகளைத் தலையெடுக்க விடுவதில்லை.

மஸ்கட்வாசி:
மூவருக்கும் நன்றி. எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்; முட்கள் குட்டையாக, ஒற்றையாகவே இருக்கின்றன. வன்னிதான்.