மணல் வரும் எண்ணெய்க் கிணறு: நான்கு மாதத்திற்குள் தேய்ந்துபோகும் இ.எஸ்.பி. பம்ப்

கேள்வி:
தெற்கு ஓமானில், இறுகாத மணற்பாறையிலிருந்து கனமான எண்ணெய் எடுக்கும் ஒரு கிணற்றில் எங்கள் இ.எஸ்.பி. பம்ப் (கிணற்றுக்குள் மூழ்கியபடி ஓடும் மின்சாரப் பம்ப்) நான்கு மாதத்தைத் தாண்டுவதில்லை. உற்பத்தியைக் கூட்டுவதற்காக ஒரே நாளில் பம்பின் வேகத்தை (மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தின் அதிர்வெண்ணை) 45 ஹெர்ட்ஸிலிருந்து 55 ஹெர்ட்ஸுக்கு உயர்த்தினோம். அதன்பின் மணலும் அதிர்வும் ஏறிக்கொண்டே போய், கடைசியில் மின்தடை ஒன்றுக்குப் பிறகு பம்ப் சுழலவே இல்லை. இன்னும் கடினமான உலோகத்தில் இம்பெல்லர் (திரவத்தைத் தள்ளும் சுழல்சக்கரம்) வாங்கினால் போதும் என்கிறார் மேலதிகாரி. அது சரியா?

மறுமொழி 1:
வாங்குவதற்கு முன் பழைய பம்பைப் பிரித்து, தேய்வு எங்கே இருக்கிறது என்று பாருங்கள் ஐயா. மணல் கலந்த ஓட்டம், இம்பெல்லரைச் சூழ்ந்து அசையாமல் நிற்கும் டிஃப்யூசரின் சுவரில் குழி பறித்திருந்தால் அது அரிப்பு. ஓட்டத்தின் வேகம் கூடினால் அரிப்பு அதைவிடப் பல மடங்கு கூடும். சுழலும் தண்டான ஷாஃப்டின் மேலுள்ள ஸ்லீவுக்கும் (உறைக்கும்) டிஃப்யூசர் துளைக்கும் நடுவிலுள்ள மெல்லிய இடைவெளியில் மணல் புகுந்து அரைத்திருந்தால் அது வேறு நோய். மோஸ் அளவில் 7 கடினம் கொண்ட குவார்ட்ஸ் மணலுக்கு முன் நிக்கல் கலந்த வார்ப்பிரும்பு தாங்காது. துளை அகன்று ஷாஃப்ட் ஆடும், பம்புக்கும் மோட்டாருக்கும் நடுவே மோட்டாரைக் காக்கும் புரொடெக்டரின் சீல் கசியும், கிணற்றுத் திரவம் மோட்டாருக்குள் இறங்கும். ‘மோட்டார் எரிந்தது’ என்று முடியும் அறிக்கைகள் பலவற்றின் தொடக்கம் இதுதான்.

கேட்டவர்:
பிரித்துப் பார்த்தோம். இம்பெல்லர் இறகுகள் ஏறக்குறைய புதியவைபோல இருக்கின்றன. ஸ்லீவுகளும் துளைகளும் தேய்ந்துள்ளன. மேல் ஸ்டேஜ்களில் (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய இம்பெல்லர்-டிஃப்யூசர் ஜோடிகளில்) மணல் இறுகிக் கிடக்கிறது.

மறுமொழி 2:
அப்படியானால் புது இம்பெல்லருக்குச் செலவிடுவது வீண். பம்பின் நீளத்தில் இடைவெளி விட்டு, மிகக் கடினமான டங்ஸ்டன் கார்பைடு பேரிங்குகள் வைத்த, கம்ப்ரெஷன் வகைப் பம்பைக் கேளுங்கள். அதில் இம்பெல்லர்களின் உந்துவிசையை ஸ்டேஜ் வாஷர்கள் சுமக்காமல், புரொடெக்டரின் த்ரஸ்ட் பேரிங் சுமக்கும். மேல் ஸ்டேஜ்களில் இறுகிய மணல், பம்ப் நின்றபோது, எண்ணெயை மேலே கொண்டுவரும் குழாயான ட்யூபிங்கிலிருந்து திரும்பி இறங்கியது. ஆகவே பம்புக்கு மேலே மணல் தடுப்பு ஒன்று பொருத்துவதும், தேவையின்றி நிறுத்தாமல் இருப்பதும் முக்கியம். சிக்கிய ஷாஃப்டை மீண்டும் மீண்டும் முழு விசையில் கிளப்ப முயன்றால் அது முறியக்கூடும்.

இவற்றைவிட எனக்கு உறுத்துவது அந்த 10 ஹெர்ட்ஸ் தாவல். பம்ப் திடீரென வேகமெடுத்தால் கிணற்றடி அழுத்தம் சட்டென்று இறங்கும்; அப்போது இறுகாத பாறையின் மணிகள் பிடிவிட்டு வெளியேறுகின்றன. அடுத்த முறை ஒவ்வொரு ஹெர்ட்ஸாக ஏற்றி, மாதிரியில் மணல் தணிந்த பிறகே அடுத்த படிக்குப் போங்கள்.

மறுமொழி 1:
உற்பத்தி அளவு இடம் கொடுத்தால் பி.சி.பி. பம்பையும் (அசையாத ரப்பர் உறைக்குள் திருகுபோன்ற தண்டு சுழலும் பம்ப்) யோசிக்கலாம். ஸ்டேட்டர் எனப்படும் அந்த ரப்பர் உறை மணல்மணிக்கு நெகிழ்ந்து வழிவிடும். கனடாவின் லாய்ட்மின்ஸ்டர் வட்டாரத்தில் மணலோடு சேர்த்தே கன எண்ணெயை எடுக்க அதைத்தான் நம்பியிருக்கிறார்கள்.

கேட்டவர்:
எங்கள் உற்பத்தி அளவுக்கு பி.சி.பி. போதாது. கார்பைடு பேரிங் பம்புக்கு விலை கேட்டிருக்கிறேன். 45 ஹெர்ட்ஸிலேயே தொடங்குகிறோம்.