பழனியில் தங்கி, அப்புறம் பூம்பாறைக்கு: பாதயாத்திரை அனுபவம்

பழனிக்கு நடந்து வருகிறவர்களில் பலர் சாமி கும்பிட்ட கையோடு பஸ் ஏறிவிடுவார்கள். எங்கள் குழுவுக்கு அங்கே பாதி வழிதான் முடிந்திருக்கும். மதுரையில் கிளம்பி வாடிப்பட்டி, திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் வழியாகப் பழனி. அங்கிருந்து மலைப்பாதை ஏறி, கொடைக்கானலுக்கும் அப்பால் இருக்கும் பூம்பாறையின் முருகன் கோவிலான குழந்தை வேலப்பர் கோவில். தைப்பூசம் முடிந்து சில நாளில் அங்கே தேர். இடையில் பழனியில் தங்கித்தான் ஏற வேண்டும் என்பது குருசாமியின் கண்டிப்பு. அவருக்குச் சொந்த ஊர் பூம்பாறை, மதுரையில் பூண்டு வியாபாரம்.

புதிதாக வருகிறவர்கள் இதற்கு முணுமுணுப்பார்கள். உடம்பில் சூடு ஆறுவதற்குள் ஏறிவிடலாமே என்பார்கள். ஆனால் நடக்கிற வரை பேசாமல் இருந்த கால், உட்கார்ந்த அன்று ராத்திரிதான் வலியைக் காட்டும். கணுக்கால் வீங்கி, செருப்பு நுழையாது. அதனால் முதல் நாள் தூக்கம், கல்லுப்பு போட்ட வெந்நீர், விளக்கெண்ணெய், அவ்வளவுதான். ஊரைப் பார்க்கத் தோன்றுவதே மறுநாளிலிருந்துதான்.

திருஆவினன்குடி வாசலில் பூ விற்கிற ஒரு ஆத்தா, "ஏஞ்சாமி, மேல இருக்கிறவரைப் பார்த்துட்டு அப்படியே ஓடுறீங்களே, இவரை யாரு பார்க்கிறது?" என்றார். நியாயம்தான். திருமுருகாற்றுப்படை மூன்றாவதாகச் சொல்லும் படைவீடு இந்த ஆவினன்குடி. அதேபோல ஊருக்குள் இருக்கும் பெரியநாயகி அம்மன் கோவில். தைப்பூசக் கொடி ஏறுவது அங்கே, தேர் சுற்றுவதும் அந்த ரத வீதிகளில். அடிவாரத்தோடு திரும்பிவிடுகிறவர்களுக்கு இது தெரிய வாய்ப்பே இல்லை.

சண்முக நதியில் குளிக்கும்போது எடப்பாடிக் காவடிக்கூட்டத்துப் பெரியவர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தோம். பூசக் கூட்டம் குறைந்த பிறகு வருகிறவர்கள் அவர்கள். பஞ்சாமிர்தத்தை டன் கணக்கில் அவர்களே தயாரிப்பார்கள். இராத்திரி மலைமேலேயே தங்கும் உரிமையும் அவர்களுக்கு மட்டும்தான் உண்டு. "நாங்க அங்கேயே படுப்போம் சாமி" என்று அவர் சர்வசாதாரணமாகச் சொன்னார். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது.

அன்று ராத்திரி குருசாமி பூம்பாறைக் கதையைச் சொன்னார். அருணகிரிநாதர் அங்கே கோவிலில் அசந்து தூங்கியபோது ஒரு ராட்சசி கொல்ல வந்தாளாம். முருகன் குழந்தையாக வந்து பக்கத்தில் இருக்க, யாரோ தாயும் பிள்ளையும் என்று நினைத்துப் போய்விட்டாளாம். "தூங்கினவரைத்தானே காப்பாத்தினாரு, நீங்களும் பேசாம தூங்குங்க" என்றார் குருசாமி!

ஏறும்போது விடிந்த பிறகுதான் வரதமாநதி அணையைத் தாண்டுவோம். சவரிக்காடு, வடகவுஞ்சி, பெருமாள்மலை என்று கொடைக்கானல் சாலை அறுபது கிலோமீட்டருக்கு மேல், அதற்கும் அப்பால்தான் பூம்பாறை. வழியெல்லாம் காடு, யானை நடமாட்டம் உண்டு. இருட்டில் நடப்பதை வீரம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

* * *

மேலே எழுதிய மதுரைக் குழுவுக்கு நாங்கள் நேர் எதிர்த் திசை. கொடைக்கானல் மலையில் இருக்கும் பண்ணைக்காட்டிலிருந்து பெண்கள் சிலர் சேர்ந்து பழனிக்கு இறங்குவோம். ஏற்றம் மூச்சை வாங்கும் என்றால் இறக்கம் முழங்காலை வாங்கும். பழனியில் தங்கினால் பூசக் கூட்டம் வடிந்த பிறகு தங்குங்கள். குளிக்க, துணி துவைக்க, அறை கிடைக்க எல்லாமே அப்போதுதான் சுலபம். 2023 அக்டோபர் 1 முதல் மலைக்கோவிலுக்குள் செல்போன் கூடாது. நாங்கள் அறையிலேயே வைத்துவிட்டு, கிரிவீதியில் நிம்மதியாகச் சுற்றுவோம்.

அப்படிச் சுற்றும்போது ஒரு பஞ்சாமிர்தக் கடைக்காரர், "எந்த ஊரும்மா?" என்று கேட்டார். ஊர்ப் பெயரைச் சொன்னதும் எழுந்து நாற்காலி போட்டார். "பஞ்சாமிர்தத்துக்குப் போடுற விருப்பாச்சி வாழைப்பழம் உங்க பக்கத்துச் சரக்காச்சே!" என்றார். பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்ததைப் பெருமையாகச் சொல்லிவிட்டு, பழம் ஏன் முன்னைப்போல வருவதில்லை என்று கேட்டார். வாழையைத் தாக்கும் முடிக்கொத்து நோய் வந்து எங்கள் அப்பா காலத்துத் தோட்டங்கள் அழிந்ததையும், பலர் காப்பிக்கும் மிளகுக்கும் மாறிவிட்டதையும் சொன்னேன். எங்களோடு வந்த அக்கா குறுக்கே புகுந்து, "நல்ல விலை குடுங்க, இன்னும் நாலு கன்னு சேர்த்து வெக்கிறோம்" என்றார். அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் விலை பேச ஆரம்பித்துவிட்டார்கள். நாங்கள் சாப்பிடக் கிளம்பிவிட்டோம்.