பைக்கில் க்ரூஸ் கண்ட்ரோல் அடிக்கடி விடுபடுகிறதா? பழுது பார்த்தவர்களின் குறிப்புகள்

தனியாக வாங்கிப் பொருத்திய க்ரூஸ் கண்ட்ரோல் (த்ராட்டிலைத் திருகாமலே வேகத்தை மாறாமல் வைத்திருக்கும் கருவி) தகராறு செய்தால் பலரும் முதலில் அதன் மூளையான கண்ட்ரோல் பாக்ஸைத்தான் கழற்றுகிறார்கள். அதைத் தொடாதீர்கள். எப்படி விடுபடுகிறது என்று கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடும். குழியில் இறங்கி ஏறியதும் பட்டென்று விடுபட்டால் பிரேக் ஸ்விட்ச். ஏற்றத்தில் வேகம் மெல்ல இறங்கினால் வேக்யூம், அதாவது இன்ஜினின் உறிஞ்சல். கூடுவதும் குறைவதுமாகப் போனால் த்ராட்டிலை இழுக்கும் கேபிளின் தளர்வு அல்லது சென்சிட்டிவிட்டி செட்டிங். செட்டே ஆகாவிட்டால் வேக சிக்னல் அல்லது பிரேக் லைட் வயரிங். (ஏறத்தாழ 50 கிமீ வேகத்துக்குக் கீழே பல மாடல்கள் செட் ஆகாது, அது பழுதல்ல.)

பின் பிரேக் பெடல் ஸ்விட்ச்தான் அதிகம் அலைக்கழிக்கும். ஸ்பிரிங் இறுக்கமாக இருந்தால் அதிர்விலேயே கான்டாக்ட் ஒரு கணம் ஒட்டும். ஓடும்போது பிரேக் விளக்கு மின்னுவது கண்ணில் படாது, பாக்ஸ் க்ரூஸை விடுவிக்க அந்தக் கணமே போதும். இக்னிஷனை ஆன் செய்து பெடலைக் கையால் லேசாகத் தட்டுங்கள். விளக்கு மின்னினால், பெடல் சற்று இறங்கிய பிறகே எரியும்படி ஸ்விட்ச் நட்டைத் திருப்புங்கள். ஆனால் பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன் விளக்கு எரிந்தாக வேண்டும். பின்னால் வருபவரின் உயிர் அதை நம்பித்தான் இருக்கிறது.

*

பிரேக் விளக்கை எல்இடிக்கு மாற்றியிருக்கிறீர்களா என்பதையும் பாருங்கள். வேக்யூம் வகையில் பல பாக்ஸ்கள், பிரேக் பிடிக்காதபோது பழைய பல்பின் இழை வழியாகத்தான் கிரவுண்டைத் தேடும். எல்இடியில் அந்த வழி இல்லை. அதனால் செட் ஆகாது.

5 பின் ரிலே (மின்சாரத்தால் மாறும் ஸ்விட்ச், பின்களில் எண் இருக்கும்) ஒன்று போதும். 86-க்கு பிரேக் விளக்கின் பாசிட்டிவ், 85-க்கு கிரவுண்ட். பாக்ஸின் பிரேக் வயர் 30-இல், 87ஏ கிரவுண்டுக்கு, 87 பிரேக் விளக்கின் பாசிட்டிவுக்கு. முடித்ததும் மல்டிமீட்டரால் 30-ஐ அளந்து பாருங்கள்: பிரேக் பிடிக்காதபோது 0 வோல்ட், பிடித்தால் 12.

*

ஏற்றத்தில் வேகம் இறங்குவது பற்றி. த்ராட்டில் அதிகம் திறந்தால் இன்டேக்கில் (இன்ஜின் காற்றை இழுக்கும் வழி) வேக்யூம் ஏறக்குறைய காணாமல் போய்விடும். சர்வோவுக்கு (வேக்யூமால் த்ராட்டில் கேபிளை இழுக்கும் பகுதி) இழுக்கத் தெம்பு வேண்டிய நேரமும் அதுதான். அதனால்தான் வேக்யூமைச் சேமிக்கும் டப்பாவும், காற்றை ஒரு திசையில் மட்டும் விடும் செக் வால்வும் கட்டாயம். இன்ஜினை ஓட்டி நிறுத்தி, சில நிமிடம் கழித்து சர்வோ பக்க ஹோஸைப் பிடுங்குங்கள். உஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தால் சரி. சத்தமே இல்லையென்றால் எங்கோ கசிகிறது. செக் வால்வைக் கழற்றி ஊதிப் பாருங்கள்: டப்பாவிலிருந்து இன்ஜின் பக்கம் மட்டுமே காற்று போக வேண்டும். திருப்பி மாட்டியிருப்பதும் உண்டு.

பல சிலிண்டர் பைக்கில் ஒரே சிலிண்டரின் போர்ட்டிலிருந்து (வேக்யூம் எடுக்கும் துளை) எடுத்தால் இழுவை போதாமல் போகலாம். எல்லாவற்றிலிருந்தும் எடுங்கள், ஒவ்வொன்றுக்கும் தனிச் செக் வால்வு வைத்து. இல்லாவிட்டால் சிலிண்டர்கள் ஒன்றோடொன்று கலந்து ஐட்லிங் கெடும். மெல்லிய பெட்ரோல் டியூப் சூட்டில் இளகி உறிஞ்சலில் ஒட்டிக்கொள்ளும். தடித்த சுவருள்ள வேக்யூம் ஹோஸே வேண்டும்.

*

வேக சிக்னலுக்கு: சக்கரக் காந்தத்துக்கும் சென்சாருக்கும் உள்ள இடைவெளி, கிட்டில் சொன்ன அளவில் சுற்று முழுக்க மாறாமல் இருக்க வேண்டும். காயில் வகை சென்சாரை மீட்டரில் ஏசி வோல்ட்டில் வைத்து, சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். வோல்ட் ஏறாவிட்டால் சென்சார், இடைவெளி, வயர் மூன்றில் ஒன்று.

எதைச் சரிசெய்தாலும் ஓட்டும் முன் இதைச் செய்யாமல் விடாதீர்கள். இன்ஜினை நிறுத்திவிட்டு, சர்வோ கேபிளைக் கையால் இழுத்து விடுங்கள். த்ராட்டில் டக்கென்று மூட வேண்டும். பிறகு இன்ஜினை ஐட்லிங்கில் விட்டு, ஹேண்டில்பாரை இரு பக்கமும் கடைசிவரை திருப்புங்கள். ஆர்பிஎம் ஏறினால் ஏதோ ஒரு கேபிள் இறுகுகிறது. சர்வோ கேபிளுக்கு 1 முதல் 2 மிமீ தளர்வு விடுங்கள். அதற்கு மேல் விட்டால் வேகம் மறுபடி ஊசலாடும்.